இன்கமோடியஸ்: இடமும் வசதியும் சந்திக்கும் ஒரு சொல்

நாகர்கோவிலில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கு ஆங்கிலப் பாடம் நடத்துவது என் தொழில். மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காக ஒருநாள் நான் பலகையில் எழுதிய ஆங்கில வாக்கியத்தின் பொருள் இதுதான்: பயணிகள் சிலர் மழைக்காலம் முழுவதையும் ஒரு ‘இன்கமோடியஸ்’ (incommodious) வீட்டில் கழித்தார்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றாமல் விட்டுவைத்து, அகராதியைப் பார்த்துத் தமிழாக்கி வரச் சொன்னேன். மறுநாள் வந்த தாள்களில் பெரும்பாலானவற்றில் ‘சிறிய வீடு’ என்று இருந்தது. சிலர் ‘குறுகிய வீடு’ என்றும், ஒருவர் ‘இடுங்கிய வீடு’ என்றும் எழுதியிருந்தார்கள். எதையும் முழுத் தவறு என்று அடித்துவிட முடியவில்லை. அதே சமயம் எதுவும், ஓரிடம் தங்குபவருக்கு வசதிக்குறைவாக இருப்பதைச் சொல்லும் அந்தச் சொல்லுக்குரிய இடத்தில் போய் உட்காரவும் இல்லை. அது ஏன் என்று வகுப்பில் சொல்லத் தொடங்கியது ஒரு மணி நேரத்தைத் தாண்டிப் போயிற்று. அங்கே சொன்னதையும், நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒலியையும் எழுத்தையும் பார்த்துவிடலாம். இன்-க-மோ-டி-யஸ் என்று சொல்லும்போது அழுத்தம் மூன்றாவது அசையான ‘மோ’வில் விழுகிறது. ஆங்கில எழுத்தில் ‘சி’ ஒருமுறையும் ‘எம்’ இருமுறையும் வரும். நம் ஊர் விடுதிப் பலகைகளில் அடிக்கடி பிழையாக எழுதப்படும் ‘அக்காமடேஷன்’ என்ற சொல்லிலோ ‘சி’யும் இரண்டு, ‘எம்’மும் இரண்டு. ஒரே குடும்பத்துச் சொற்களாக இருந்தும் இந்த வேறுபாடு இருப்பதற்குக் காரணம் முன்னொட்டுதான். அக்காமடேஷனில் முன்னால் நிற்கும் லத்தீன் ‘அட்’, அடுத்து வரும் ஒலியோடு ஒன்றி ‘அக்’ ஆகிவிட்டதால் ‘சி’ இரட்டித்தது. இன்கமோடியஸில் நிற்பது இல்லை என்று மறுக்கும் ‘இன்’. அதற்குப் பின் ‘சி’ இரட்டிக்க வேண்டிய தேவை எழவில்லை. காரணம் தெரிந்தவருக்கு இந்த எழுத்துகள் மறப்பதில்லை.

மறுப்பை நீக்கினால் எஞ்சுவது ‘கமோடியஸ்’. அதன் அடியில் இருப்பது ‘கம்மோடுஸ்’ என்னும் லத்தீன் பெயரடை. ‘உடன்’ என்று பொருள்படும் ‘கம்’மும், ‘அளவு’ என்று பொருள்படும் ‘மோடுஸ்’ என்ற பெயர்ச்சொல்லும் சேர்ந்து அது உருவாயிற்று. அளவோடு இருப்பது, அளவுக்கு ஒத்து வருவது என்பதே அதன் வேர்ப்பொருள். தையற்கடையில் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு ‘அளவா இருக்கு’ என்று நாம் சொல்லும்போது, எத்தனை அங்குலம் என்பதை நாம் சொல்வதில்லை. உடம்புக்கும் துணிக்கும் இடையிலுள்ள பொருத்தத்தைச் சொல்கிறோம். லத்தீன் சொல்லும் அதே வழியில்தான் நடந்திருக்கிறது. அளவு என்பது பொருத்தம் ஆயிற்று. பொருத்தம் என்பது வசதி ஆயிற்று. இடத்தின் தாராளம் என்ற பொருள், கடைசியாக வந்து சேர்ந்த ஒன்று.

இந்தக் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள் நம் அன்றாடத் தமிழுக்குள் எப்போதோ வந்துவிட்டார்கள். கைபேசியைச் ‘சைலன்ட் மோடில்’ போடுகிறோமே, அந்த ‘மோடு’ லத்தீன் ‘மோடுஸ்’ஸின் நேர் வாரிசு. குலசேகரத்துப் பக்கம் ரப்பர் ஷீட் விற்பவர்கள் விலை விசாரிக்கும் ‘கமாடிட்டி மார்க்கெட்’டில் உள்ள ‘கமாடிட்டி’க்குத் தொடக்கத்தில் நன்மை, பயன், வசதி என்றே பொருள் இருந்தது, மனிதருக்குப் பயன்படும் பொருள், விற்பனைச் சரக்கு என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. புதிதாகக் கட்டும் வீடுகளில் எல்லாம் வைக்கப்படும் ‘கம்மோடு’ம் இதே குடும்பம்தான். பிரெஞ்சு மொழியில் அது முதலில் துணிமணி வைக்கும் இழுப்பறைப் பெட்டிக்கு, வசதியான சாமான் என்ற பொருளில் வழங்கிய பெயர். பின்னர் ஆங்கிலத்தில் நோயாளிகளுக்கான மலப்பெட்டி நாற்காலிக்கு இடக்கரடக்கலாக வந்து, இந்தியாவில் மேலைநாட்டுக் கழிப்பறைத் தொட்டியின் பெயராகவே நிலைத்துவிட்டது. கப்பற்படை அதிகாரியைக் குறிக்கும் ‘கமடோர்’ மட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர். அது ‘கமாண்டர்’ என்ற சொல்லின் வழியில் வந்தது. ஒலி ஒத்துப்போவதால் மாணவர்கள் அதையும் இங்கே சேர்த்துவிடுகிறார்கள்.

‘கமோடியஸ்’ ஆங்கிலத்துக்குள் வந்தது பதினைந்தாம் நூற்றாண்டில். அப்போது அதன் பொருள் நன்மை தருவது, பயனுள்ளது என்பதுதான்; அறையோ வீடோ இல்லாமலே அது தனித்து வழங்கியது. ஒரு யோசனையும் கமோடியஸாக இருக்கலாம், ஒரு பாதையும் இருக்கலாம். பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் ‘தாராளமாக இடமுள்ள’ என்ற பொருள் ஒட்டிக்கொள்ளத் தொடங்கியது. மறுப்புச் சொல்லான ‘இன்கமோடிய’ஸும் அதே காலத்தை ஒட்டியே பதிவாகிறது. அதுவும் தொடக்கத்தில் தொல்லை தருவது, இடையூறானது என்ற பரந்த பொருளிலேயே வழங்கி, பிறகு மெல்ல மெல்ல, தங்குமிடங்களை ஒட்டியதாகச் சுருங்கியது. பழைய பரந்த பொருள் அடியோடு மறைந்துவிடவில்லை. ஒருவருக்கு அசௌகரியம் கொடுப்பதைக் குறிக்கும் ‘இன்கமோட்’ என்ற வினைச்சொல் அதை இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறது. விருந்தினர் ஒருவர் நேரம் காலம் பாராமல் வந்து நின்று வீட்டாரைச் சங்கடப்படுத்துவதையும் அந்த வினையால் சொல்லலாம். அங்கே இடநெருக்கடிக்குப் பேச்சே இல்லை.

இந்தச் சொல்லின் உள்ளியல்பை எனக்குப் புரியவைத்தது அகராதி அல்ல, ஒரு துறைமுகம். 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், அப்போஸ்தலர் நடபடிகள் இருபத்தேழாம் அதிகாரத்தில், கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்படும் பவுல் ஏறிய கப்பல் கிரேத்தா தீவின் தென்கரையில் ‘நல்ல துறைமுகம்’ என்று பெயர் கொண்ட ஓரிடத்தை அடைகிறது. பெயர் நல்ல துறைமுகமாக இருந்தும், குளிர்காலத்தைக் கழிக்க அது ‘கமோடியஸ்’ ஆக இல்லை என்பதால், வேறிடம் போகலாம் என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். தமிழ் வேதாகமம் அந்த இடத்தை, மழைகாலத்திலே தங்குவதற்கு அது வசதியாயிராதபடியினால் என்று சொல்லுகிறது. கடற்கரை ஊர்களின் ஆலயங்களில் இந்தப் பகுதி வாசிக்கப்படும்போது கேட்பவர்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படாது. குளிர்காலம் என்பதை மழைகாலம் என்று மாற்றிய மொழிபெயர்ப்பாளர் மிகச் சரியாகவே செய்தார். ஆனி, ஆடியில் கடல் அடிக்கும்போது வள்ளத்தை எங்கே ஏற்றி வைப்பது என்று ஆண்டுதோறும் யோசிக்கிற மக்களுக்கு, தங்கக்கூடிய துறையும் தங்கக்கூடாத துறையும் எப்படிப்பட்டவை என்று நன்றாகத் தெரியும்.

அந்தத் துறைமுகம் சிறியது என்று அந்த வசனம் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருநூற்று எழுபத்தாறு பேர் ஏறிய கப்பல் அதற்குள் வந்து நிற்கத்தான் செய்தது. ஓரிரு இரவு நிற்கப் போதுமான துறை அது. மாதக்கணக்கில் காற்றுக்கும் அலைக்கும் தப்பியிருக்கப் போதாது. மூலக் கிரேக்கச் சொல்லைப் பிரித்துப் பார்த்தாலும் ‘நன்றாக அமையாதது’ என்றுதான் வருகிறது, பரப்பைப் பற்றிய குறிப்பு அதிலும் இல்லை. ஆகவே ‘கமோடியஸ்’ என்பதும் ‘இன்கமோடியஸ்’ என்பதும் ஓர் இடத்தை, அங்கே ஒருவர் என்ன செய்யப் போகிறார், எவ்வளவு காலம் இருக்கப் போகிறார் என்ற கேள்வியோடு சேர்த்து எடைபோடும் சொற்கள். தங்குதல் என்ற எண்ணம் இல்லாமல் அவற்றுக்கு உயிரில்லை. ஆங்கிலத்தில் இந்தச் சொல் வாடகை அறை, கப்பலின் உள்ளறை, பயணியர் விடுதி, அலுவலகம், குடியிருப்பு ஆகியவற்றை ஒட்டி அதிகம் வருவதும், குழாயையோ சந்தினையோ தீப்பெட்டியையோ ஒட்டி வராததும் இதனால்தான்.

ரயில் பெட்டியை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கன்னியாகுமரியிலிருந்து அஸ்ஸாமின் திப்ருகருக்குப் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாட்களைத் தாண்டி ஓடுகிறது. அதில் நடுப் படுக்கையை விரித்துவிட்டால், மேலே இருப்பவரின் பலகைக்கும் நமக்கும் இடையே நிமிர்ந்து உட்கார வழியில்லை. கீழே இருப்பவர் தலையைக் குனிந்தே சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். படுத்து உறங்குகிற எட்டு மணி நேரத்துக்கு அந்த அளவு போதும். அப்போது அதை யாரும் குறை சொல்வதில்லை. விடிந்த பிறகும் நடுப் படுக்கைக்காரர் எழுந்திருக்காமல், கீழே இரண்டு பெரியவர்கள் முதுகை வளைத்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் அதே இடம் இன்கமோடியஸ் ஆகிறது. அங்குலக் கணக்கில் இரவுக்கும் பகலுக்கும் இடையே எதுவும் மாறவில்லை. மாறியது உடம்பின் தேவை.

எதற்கு இந்தச் சொல் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆபத்தான இடத்துக்கு இது பொருந்தாது. மணல் அடைந்து அலை புரளும் முகத்துவாரத்தில் படகு கவிழுமோ என்று அஞ்சும் மீனவரின் நிலையை இந்தச் சொல்லால் எழுதினால், அது அவருடைய துன்பத்தைச் சிறுமைப்படுத்துவதாக ஆகிவிடும். உயிருக்குக் கேடில்லாத, ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் உடம்பை நச்சரிக்கிற குறையே இதன் எல்லை. முழங்கால் இடிக்கும், கதவு முழுதாகத் திறக்காது, பாயை விரித்தால் நடக்க வழியிராது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் சமையலறையில் நிற்க முடியாது; இவையெல்லாம் அதன் ஆட்சிக்கு உட்பட்டவை. சுனாமி போன்ற பேரிடருக்குப் பிறகு மக்கள் நாட்கணக்கில் அடைந்து கிடந்த தற்காலிகக் கொட்டகைகளைப் பற்றி எழுதும்போதுகூட, இந்தச் சொல்லைக் கைக்கொள்வதற்கு முன் எழுதுபவர் இரண்டு முறை யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். அங்கே பட்டதை வசதிக்குறைவு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது.

ஆங்கிலத்திலேயே இதற்கு அண்டை வீட்டுச் சொற்கள் பல உண்டு. ‘நேரோ’ என்பது அகலத்தை மட்டும் பேசும். ஓர் ஆற்றுக்கும் பாலத்துக்கும் அது போதும், அங்கே மனிதர் யாரும் தேவையில்லை. ‘க்ராம்ப்ட்’ உடலை நேராகக் கொண்டுவருகிறது. அதன் வேரில் வளைந்த கொக்கியும் இறுக்கிப் பிடிக்கும் பற்றிரும்பும் இருக்கின்றன, காலில் வரும் தசைப்பிடிப்புக்கான ஆங்கிலப் பெயரும் அதற்குச் சொந்தமே. ‘போக்கி’ பேச்சுவழக்கு, இருண்டு, சிறுத்து, மனதுக்கு ஒவ்வாத அறையைச் சற்று முகம் சுளித்துச் சொல்வது. இவற்றோடு ஒப்பிட்டால் இன்கமோடியஸ் நிதானமான, கொஞ்சம் பழமை வாடையுள்ள, எழுத்துக்குரிய சொல். இன்றைய ஆங்கிலேயர் ஒருவர் தம் வீட்டைப் பற்றி நண்பரிடம் பேசும்போது இதைச் சொன்னால், அவர் வேண்டுமென்றே பெரிய சொல்லை எடுத்திருக்கிறார் என்று கேட்பவர் புரிந்துகொள்வார். கட்டடங்களின் வரலாற்றை எழுதுகையில், பழைய கட்டடம் போதாமல் புதியதற்கு மாறிய கதையைச் சொல்கையில், இது இயல்பாக வந்து அமரும்.

‘ஸ்ட்ரெய்ட்’ என்ற பழஞ்சொல்லை மட்டும் தனியே எடுத்துச் சொல்ல வேண்டும். மத்தேயு ஏழாம் அதிகாரத்தில் வரும் வாசலுக்கு ஆங்கில வேதாகமம் அந்தச் சொல்லைத் தருகிறது. வழிக்கு ‘நேரோ’வைத் தருகிறது. தமிழில் அது வாசல் இடுக்கமும், வழி நெருக்கமும் என்று வருகிறது. இரண்டு சொற்களுக்கு இரண்டு சொற்கள் என்று கணக்குத் தீர்த்த மொழிபெயர்ப்பு மட்டுமல்ல அது. தமிழ் தன் உடைமையிலிருந்து எடுத்துக் கொடுத்த வேறுபாடும் அதில் இருக்கிறது. இடுக்கம் என்றால் இரு பக்கத்திலிருந்தும் பொருள்கள் அமுக்குகின்றன. நண்டுக்கால் இடுக்கும், கதவிடுக்கில் விரல் மாட்டும். நெருக்கம் என்றால் மனிதரோ மரமோ ஒன்றையொன்று அண்டி நிற்கின்றன. அந்த வாசலில் நுழைபவருக்குத் தோள் இடிக்கிறது; அந்த வழியில் நடப்பவருக்கு நிற்க இடம் குறைகிறது. இன்கமோடியஸுக்கு இந்த இரண்டும் ஒத்துவராது என்பது, அந்த வாசலும் வழியும் தங்குவதற்கு அல்ல, கடந்து போவதற்கு என்பதை நினைத்தால் விளங்கும்.

நெருக்கத்தைப் பற்றிய சொற்களுக்குக் குமரி மாவட்டத்தில் பஞ்சமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கே பதினெட்டு லட்சத்து எழுபதாயிரம் பேர் வாழ்கிறார்கள். சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வருகிறது. மலையும் காடும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ள, கடல் இன்னொரு பக்கத்தை எடுத்துக்கொள்ள, எஞ்சிய நிலத்தில் வீடுகள் தோளோடு தோள் நிற்கின்றன. இரண்டு சுவருக்கு இடையில் ஓர் ஆள் போகுமளவுக்கு விட்டிருக்கும் பாதை ‘முடுக்கு’. கடற்கரை ஊர்களில் ஒரு முடுக்குக்குள் புகுந்து மறு முடுக்கில் ஏறினால்தான் ஆலயத்துக்கோ கடலுக்கோ போய்ச் சேர முடியும். வலையைச் சுமந்து வருபவர் எதிரே வந்தால், மற்றவர் யாராவது ஒருவரின் வாசற்படியில் ஏறி நிற்க வேண்டும். சந்து, இடுக்கு, ஒடுக்கம், குறுகல் என்று இன்னும் உண்டு. இவை அனைத்தும் வடிவத்தைச் சொல்லும் சொற்கள். வெறும் வடிவத்தைச் சொல்லும் சொல்லால் இன்கமோடியஸை மொழிபெயர்க்கும்போதுதான் என் மாணவர்கள் சறுக்கினார்கள்.

சிறிய இடம் எல்லாம் இன்கமோடியஸ் அல்ல என்பதற்கு எங்கள் ஆச்சி வீட்டு அரங்கு எனக்குச் சாட்சி. தக்கலைக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஓட்டு வீட்டின் உள்ளே, பட்டகசாலை என்னும் கூடத்தைத் தாண்டி, பலாமரக் கதவுபோட்ட ஓர் உள்ளறை உண்டு. அதைத்தான் அரங்கு என்போம். ஜன்னல் கிடையாது. கதவுநிலை என் பத்து வயது உயரத்துக்கே சற்று மேல்தான் இருந்தது. ‘குனிஞ்சு வா மக்களே, தலை இடிச்சிரும்’ என்று ஆச்சி ஒவ்வொரு முறையும் சொல்லும். உள்ளே நெல்லுப் பெட்டி, புளிப்பானை, உப்பிலிட்ட மாங்காய்ப் பரணி, மூலையில் தேங்காய்க் குவியல். இவற்றுக்கு நடுவே ஒருவர் நின்று திரும்ப மட்டும் இடம். ஆச்சி இருட்டிலேயே கையை நீட்டி, இடப்பக்கம் உழக்கையும் வலப்பக்கம் பரணியையும் தொட்டுவிடும். நின்ற இடத்திலிருந்து அசையாமல் எல்லாம் கைக்கு எட்டியது. இருட்டும் குளிர்ச்சியும் புளிக்கும் நெல்லுக்கும் நல்லது. தாழ்ந்த நிலை திருடனுக்கு எதிரானது. அந்த அறையைச் சிறியது, குறுகியது, இருண்டது, ஒடுங்கியது என்று எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். இன்கமோடியஸ் என்று மட்டும் சொல்ல முடியாது, ஏனென்றால் அது தன் வேலைக்கு அளவாக இருந்தது. அதே அறையில் ஒரு மாணவனை மேசை போட்டுப் படிக்க வைத்திருந்தால் முதல் நாளே அந்தப் பெயருக்குத் தகுதி பெற்றிருக்கும்.

பத்மநாபபுரம் அரண்மனையிலும் இந்த உண்மையைக் கண்ணால் பார்க்கலாம். அங்குள்ள ஊட்டுப்புரை இரண்டு தளங்களிலும் சேர்த்து இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் இருந்து உண்ணும்படி அமைந்தது என்று சொல்வார்கள். அதன் பெருமையை நீள அகலத்தால் சொல்வதில்லை, எத்தனை இலை போடலாம் என்பதால்தான் சொல்லுகிறோம். ஆங்கிலத்தில் அதைக் கமோடியஸ் என்றால் சொல் தன் வேர்ப்பொருளோடு சேர்ந்தே நிற்கும். அதே அரண்மனையின் மந்திரசாலையோ பெரிய கூடம் அல்ல. செங்குத்தான மரப்படியில் ஏறித்தான் அங்கே போக வேண்டும். ஆனாலும் மரச்சட்டங்களின் இடைவெளி வழியே வெளிச்சமும் காற்றும் அளந்து விட்டதுபோல் உள்ளே வருகின்றன. அரசரும் அமைச்சர்கள் சிலரும் இருந்து பேச அது நிறைவான இடம். கோலும் விரலுமாக, இருபத்துநாலு விரல் ஒரு கோல் என்று கணக்கிட்டு வீட்டை அளந்த நம் தச்சாசாரிகள், ‘மோடுஸ்’ஸுக்குப் பிறந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

சரி, தமிழில் இதற்கு எந்தச் சொல்? என் முதல் விடை ‘வசதி’யைச் சுற்றியே வரும். இடவசதியற்ற, வசதிக்குறைவான என்பவை பொதுவாகப் பொருந்தும். ‘இடவசதி’ என்ற கூட்டுச்சொல்லிலேயே இடமும் சௌகரியமும் ஒட்டி நிற்பதால், ஆங்கிலச் சொல்லின் இரு பாதிகளும் அதில் அடங்குகின்றன. வசதி என்ற சொல்லின் பிறப்பையும் ஒரு கணம் நின்று பார்ப்பது நல்லது. சமஸ்கிருதத்தில் ‘வசதி’ என்றால் தங்குதல், உறைவிடம். ‘வசிக்கிறேன்’ என்று நாம் சொல்லும் வினையின் உறவுக்காரர் அது. பழந்தமிழ் அகராதிகளும் இருப்பிடம் என்ற பொருளை அதற்குத் தருகின்றன. கன்னட நாட்டில் சமணக் கோயில்களைப் ‘பசதி’ என்று அழைப்பது இதே சொல்லின் திரிபு. நமக்குச் சமண உறைவிடம் பார்க்கக் கன்னட நாடுவரை போக வேண்டியதில்லை. மார்த்தாண்டத்துக்கு அருகே சிதறால் மலையில், பெரும் பாறை குடைபோல் கவிந்து நிற்கும் அடியில், தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கே துறவியர் உறைந்தார்கள். சம்மணமிட்டு அமர்பவருக்குக் கூரை எவ்வளவு உயரம் தேவையோ, அந்தப் பாறை அவ்வளவு உயரம் கொடுக்கிறது. அதுவே அவர்களுடைய வசதி, இரு பொருளிலும்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒன்று நிகழ்கிறது. ஆங்கிலச் சொல் பொருத்தத்தில் தொடங்கி, வசதி வழியாக, இருப்பதற்கான இடம் என்ற பொருளுக்கு வந்தது. நம் வசதி, இருப்பிடத்தில் தொடங்கி, சௌகரியம் என்ற பொருளுக்கு வந்தது. அங்கிருந்து இன்னும் நடந்து ‘வசதியான குடும்பம்’ என்று பணத்தையும் தொட்டுவிட்டது. இரண்டு சொற்களும் எதிரெதிர்த் திசையிலிருந்து புறப்பட்டு, வீடு என்னும் ஒரே சந்திப்பில் முகம் பார்த்துக்கொள்கின்றன. 1611ஆம் ஆண்டின் ‘கமோடியஸ்’ நின்ற இடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ‘வசதி’யை வைத்தார் என்றால், அதைவிடக் கச்சிதமான இணையை நான் இதுவரை கண்டதில்லை.

‘அசௌகரியமான’ என்பதும் ஏற்கத்தக்கதே. எளிதில் செய்யத்தக்கது என்ற பொருளில் அமைந்த சௌகரியம், இந்த மாவட்டத்துப் பேச்சில் மலையாளத்தின் பக்கபலத்தோடு நன்றாக வேரூன்றிய சொல். ஆனால் ‘அசௌகரியம்’ உடல்நலக் குறைவையும் குறிப்பதால், அறையைச் சொல்லும் இடத்தில் சிறிது மங்குகிறது. ‘இன்கமோட்’ என்ற வினைக்கோ ‘அசௌகரியப்படுத்து’ என்பதை விட்டால் வேறு நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

வகுப்பில் இவ்வளவையும் சொல்லி முடித்த நேரத்தில், விளவங்கோடு பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, ‘கொள்ளாத வீடுன்னு எழுதினா என்ன சார்?’ என்று கேட்டாள். மற்றவர்கள் அது பேச்சுவழக்கு என்று தடுத்தார்கள். எனக்கு அந்தக் கேள்வி, நான் அதுவரை சொன்ன எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அள்ளிவிட்டதாகப் பட்டது.

குமரிக்கு வெளியே வாழ்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில் ‘கொள்ளாம்’ என்றால் நன்றாக இருக்கிறது என்று பொருள். மீன்கறியும் கொள்ளாம், மாப்பிள்ளைப் பையனும் கொள்ளாம். ‘கொள்ளாது’ என்றால் நன்றாக இல்லை. முதலில் திருவிதாங்கூரோடும், பின்னர் 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தோடும் இருந்த மண் என்பதால் மலையாளத்தோடு பொதுவாக வழங்கும் வழக்கு இது. ஆனால் ‘கொள்’ என்ற வினை எல்லாத் தமிழருக்கும் உரியது. ஏற்றுக்கொள்வதும் அதுதான், ஒரு பாத்திரம் தன்னுள் அடக்குவதும் அதுதான். ‘குடம் எவ்வளவு கொள்ளும்?’ என்கிறோம், ‘மண்டபம் கொள்ளாத கூட்டம்’ என்கிறோம். ஆக, அளவுக்குள் அடங்குதல் என்ற பொருளும், நன்றாக இருத்தல் என்ற பொருளும் ஒரே வினைக்குள் இருக்கின்றன. லத்தீன்காரர் ‘அளவோடு’ என்பதிலிருந்து ‘நன்று’ என்பதற்குப் போக ஒரு கூட்டுச்சொல் கட்டினார்கள். குமரித் தமிழ் பேசுபவர் அப்படி எதையும் கட்டவில்லை. வினையின் ஒரு கையில் இடத்தையும் மறு கையில் நலத்தையும் ஏந்தியிருக்கிறார்.

இதைப் பேச்சுவழக்கு என்று ஒதுக்குவதற்கும் இடமில்லை. ‘இருப்புக் கொள்ளவில்லை’ என்று எல்லா ஊரிலும் எழுதுகிறோம். ஓரிடத்தில் நிலையாக இருக்க முடியாமல் மனம் தவிப்பதைச் சொல்லும் தொடர் அது. அங்கே மனதுக்குச் சொன்னதை இங்கே வீட்டுக்குச் சொல்லலாம். இருப்புக் கொள்ளாத வீடு என்றால், சுவரும் கூரையும் இருந்தும், இருப்பவரை இருக்க விடாத வீடு என்பது விளங்கும். தங்குதல், பொருத்தம், இடம், தொல்லை ஆகிய நான்கும் அதில் வந்துவிடுகின்றன. சிறியது என்ற கருத்து மட்டும் வரவில்லை, அது வரவேண்டியதும் இல்லை.

மொழிபெயர்ப்பவருக்கு நான் சொல்லக்கூடியது, அடுத்து நிற்கும் பெயர்ச்சொல்லைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதே. அலுவலகக் கட்டடம் என்றால் ‘இடவசதி போதாத’ என்று எழுதலாம். பேருந்து இருக்கை என்றால் ‘கால் நீட்ட இடமில்லாத’ என்று உடம்பையே சொல்லிவிடுவது மேல். துறைமுகம் என்றால் வேதாகமம் காட்டிய வழி இருக்கிறது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு எழுத்தில் ஒரு சட்டத்தையோ வழக்கத்தையோ இன்கமோடியஸ் என்று கண்டால், அங்கே அறையைத் தேடாமல் ‘இடையூறான’ என்று எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுபவர் இதைக் கையாளும்போது, அந்த இடத்தில் யார் என்ன செய்ய முயன்று முடியாமல் போயிற்று என்பதையும் அடுத்த வரியில் சேர்த்துவிட்டால், சொல்லின் பழமை உறுத்தாது.

அந்த மாணவியின் வாக்கியத்தைப் பலகையில் எழுதினேன்: ‘மழைக்காலம் முழுவதையும் அவர்கள் இருப்புக் கொள்ளாத ஒரு வீட்டில் கழித்தார்கள்.’ எல்லோரும் அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கையில், ‘பரீட்சையில இப்படி எழுதினா மார்க் போடுவாங்களா சார்?’ என்று அவளே கேட்டாள். தேர்வுத் தாளில் ‘இடவசதியற்ற’ என்றே எழுதும்படி சொன்னேன். நோட்டில் இருந்ததை மட்டும் அழிக்க வேண்டாம் என்றேன்.